கேப்டனைக் கீழே விட்டுவிட்டேன்

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் நடந்தது இது.

நான் ராபர்ட்சன்பேட்டைக்காரி. பெங்களூரில் ஒரு காமிக்ஸ் கம்பெனியில் கதை எழுதிப் படம் வரைகிறேன். டிவியில் சக்கைப்போடு போட்டுவிட்டுப் பாதியில் நின்றுபோன ஒரு விண்வெளித் தொடரின் மீதிக் கதையைக் காமிக்ஸாகக் கொண்டுவரும் வேலை என்னிடம் வந்தது. கேப்டனும் அவருடைய ஆட்களும் வேற்றுக் கிரகத்தில் ஒரு சுரங்கத்துக்குள் இறங்குவதோடு தொடர் நின்றிருந்தது. சுரங்கமா? யாரிடம் சொல்கிறீர்கள்! என் அப்பா இந்த ஊர்ச் சுரங்கத்தில் ஷிஃப்டுக்குப் போனவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை, அதாவது எங்கள் ஊர் ‘கேஜை’, கண்ணை மூடிக்கொண்டே வரைவேன். இதை என்னை விட்டால் வேறு யார் செய்ய முடியும் என்று ஆபீஸில் பீற்றிக்கொண்டும் திரிந்தேன்.

கடைசி அத்தியாயத்தில் பாறை சரிந்து கேப்டன் சாகிறார். மற்றவர்கள் கண்ணீரோடு கேஜில் மேலே வந்து, விண்கலம் ஏறிப் பறந்துவிடுகிறார்கள். எடிட்டருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. நான் ரயிலேறிய அன்று மதியம் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். அட்டையில் என் பெயர் வரப்போகும் முதல் புத்தகம்.

ரயிலில் என் பக்கத்து சீட்டு என் தோழிக்குத்தான். எங்கள் ஊரில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் வீடு, பெங்களூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். தொடரை ஒரு நாள் விடாமல் பார்த்தவள். நான் வரைவதை முதலில் படித்துவிட்டு என்னைக் கலாய்ப்பதும் அவள்தான். அன்றைக்கும் பெருமையாக டேப்லெட்டை நீட்டினேன். கடைசிப் பக்கத்தை இரண்டு தடவை பார்த்தாள்.

“இன்னாடி இது? ஆள கீழ உட்டுட்டு இவங்க பாட்டுக்கு கேஜ்ல ஏறி வந்துட்டாங்க?”

“அவருதான் செத்துட்டாரேடி.”

“செத்தா இன்னா? எங்கப்பா மேல பாறை உழுந்தப்ப அவரும்தான் அப்பவே செத்துட்டாரு. மூணு நாளு அவரு ஷிஃப்டு ஆளுங்க ஒருத்தரும் ஊட்டுக்குப் போவல. தோண்டி எடுத்து, மேல கொண்டாந்து, எங்கம்மா கண்ணுல காட்டிட்டுத்தான் போனாங்க. இவங்கள மாதிரி அவங்களும் போயிருந்தா, கல்லறைத் திருநாளுக்கு நான் எங்க போய் பூ வெப்பேன்?”

அதற்குப் பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. அந்தக் கல்லறைக்கு அவளோடு எத்தனை தடவை போயிருக்கிறேன்! கேஜின் ஒவ்வொரு கம்பியையும் சரியாக வரைந்தவளுக்கு இது மட்டும் எப்படி உறைக்காமல் போனது? ரயிலிலேயே கடைசிப் பக்கங்களை அழித்துவிட்டேன்.

ஆபீஸில் விஷயத்தைச் சொன்னதும் எடிட்டர் குதித்தார். நான் விடவில்லை. “கேப்டன் சாகட்டும் சார். ஆனா அவரை எடுத்துக்காம அவங்க கிளம்ப மாட்டாங்க. முடியாதுன்னா என் பேரை எடுத்துட்டு வேற யாரையாவது வெச்சு முடிச்சுக்குங்க” என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே சாயங்காலம் வரைக்கும் நேரம் கொடுத்தார். புது முடிவில் எல்லோரும் திரும்பக் கீழே இறங்குகிறார்கள், முறை வைத்துத் தோண்டுகிறார்கள், கேப்டனைத் தோளில் சுமந்து கேஜில் ஏற்றுகிறார்கள். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வரைந்து முடித்தேன்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை ரயிலில் அவளிடம் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்தாள்.

“இன்னொண்ணு குடுடி” என்றாள். “எங்கம்மாவுக்கு. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, படத்தப் பாத்தா போதும்.”

நான் இன்றைக்கும் அதே திமிர் பிடித்தவள்தான். ஆனால் என் கதையில் யாரைச் சாகடித்தாலும், அவருக்காக வீட்டில் காத்திருப்பது யார் என்று யோசிக்காமல் அடுத்த பக்கத்தைத் தொடுவதில்லை.