கையைக் கட்டினால் வராத வாய்ப்பாடு

"கணக்கு நேரத்துல தாளம் எதுக்குங்க டீச்சர்?" என்று தலைமையாசிரியர் இன்று என் வகுப்பு வாசலில் நின்று கேட்டார். எனக்குச் சோமனூரில் படித்த மூன்றாம் வகுப்பு நினைவுக்கு வந்தது.

பள்ளியை ஒட்டித் தறிக்கொட்டகை. தறி ஓடும் சத்தத்துக்கே கைதட்டி, சரோஜா டீச்சர் எங்களுக்குச் செய்யுளும் வாய்ப்பாடும் சொல்லித்தந்தார். ஒருநாள் பார்வையிட வந்த அதிகாரி, "கையக் கட்டிக்கிட்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்லு அம்மணி" என்றார். பாதியில் திணறி நின்றேன். அவர் டீச்சரைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கையக் கட்டுனா வராதுங்க" என்று சொல்லி, அவர் முகத்துக்கு நேரே தட்டித் தட்டி முழுவதையும் ஒப்பித்தேன். வகுப்பே சேர்ந்து தட்டியது. அவர் வெளியேறினார்.

"நிறுத்த மாட்டனுங்க சார்" என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளை அடுத்த வாய்ப்பாட்டுக்குத் தட்டச் சொன்னேன்.