திருப்பூரில் ஒரு மின்னஞ்சலைச் செக்கிங்குக்கு அனுப்பினோம்

காலை 5.40. மதுரை ஆரப்பாளையத்திலிருந்து திருப்பூர் பஸ் கிளம்பியது. டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். மடியில் பதினாறு பேருக்கான பாடக் காகிதங்கள். 2006இல் நான் ஒரு கம்ப்யூட்டர் மையத்தில் வேலை பார்த்தேன். பனியன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் ஊழியர்களுக்கு, மின்னஞ்சலில் வரும் வதந்தியை எப்படி இனங்கண்டு மறுப்பது என்று ஒரு நாள் பயிற்சி தர அழைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்தில் வந்ததெல்லாம் நிஜம் என்று கல்லூரி முடியும் வரை நம்பியவனும் நான்தான். அதனாலேயே இந்தப் பாடத்தின் மேல் தனிப் பிரியம்.

8.35. தாராபுரத்தில் பத்து நிமிடம் பஸ் நின்றது. டீ மூன்று ரூபாய். மூலனூர் முருங்கைக்காய் வியாபாரி ஒருவர் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன சோலியாகப் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன்.

“மெயில்ல வர்ற பொய்யக் கண்டுபுடிக்க கிளாஸுங்களா? நேர்ல சொல்ற பொய்க்கு எப்பங்க கிளாஸ் வெப்பீங்க?”

“நீங்க சேர்றதா இருந்தா அடுத்த மாசமே வைக்கலாங்க.”

“நான் எதுக்குங்க? காய் மொத்தமும் இன்னைக்குப் பறிச்சதுன்னு தெனமும் சொல்றவனுக்கு அதெல்லாம் தெரியுமுங்க” என்று தோளில் தட்டினார். அங்கிருந்து நாற்பத்தெட்டு கிலோமீட்டரும் சிரிப்பிலேயே போயிற்று.

10.20. கம்பெனி வாசலில் முதலாளி சென்னியப்பனே நின்றிருந்தார். கையில் ஒரு மின்னஞ்சலின் பிரதி.

“ஏனுங்க தம்பி, பாடம் அப்புறம் நடத்தலாமுங்க. மொதல்ல இதப் பாருங்க.”

சிவப்புச் சாயம் போட்ட குழந்தைத் துணிகளால் தோலில் புண் வருகிறதாம். கோவையில் உள்ள ஒரு சோதனைக்கூடம் கண்டுபிடித்ததாம்; கூடத்தின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் போட்டிருந்தது. ஏற்றுமதியாளர் அனைவருக்கும் உடனே அனுப்புங்கள் என்று முடிந்திருந்தது. உள்ளே சிவப்புக் குழந்தைச் சட்டைகள் பெட்டி பெட்டியாகத் தயாராக இருந்தன.

“மூணு மணிக்குத் தூத்துக்குடி லாரி கெளம்போணுமுங்க. இது நெசம்னா அனுப்பக் கூடாது. பொய்யின்னா நிறுத்தக் கூடாது.”

அந்த ஆர்டரைப் பார்த்துக்கொண்டவர் கவிதா. வாங்குபவர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தும் மெர்ச்சண்டைசர்; தனியாக ஏற்று முடித்த முதல் ஆர்டர் அது. மன்னிப்புக் கேட்டு, சரக்கை நிறுத்துவதாக வெளிநாட்டுக்காரருக்குக் கடிதமும் அடித்து வைத்திருந்தார். அந்தக் கடிதத்தை அனுப்பினால் ஆர்டர் போய்விடும்.

“நாலு கம்பெனில இருந்து இதே மெயில் வந்துதுங்க சார். ஒருத்தர் சொன்னா நம்பியிருக்க மாட்டனுங்க.”

11.00. பாடத்தைக் கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. செக்கிங் மேற்பார்வையாளர் மேரி மட்டும் அந்தப் பிரதியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருநெல்வேலிக்காரர். அவர் பிரிவில் ஒவ்வொரு சட்டையையும் உள்பக்கம் திருப்பி, குறை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். பார்த்தவர் அதில் தன் எண்ணையும் எழுதுவார்.

“இதுல பாத்தவ நம்பரு எங்க இருக்கு, தம்பி?”

“புரியலையேக்கா.”

“நாலு கை மாறி வந்துருக்கு, சரி. நாலு பேரும் மடிச்ச துணிய மடிச்சபடியே தள்ளிவிட்டா, அது நாலு செக்கிங்கா? ஒருத்தி கூட திருப்பிப் பாக்கலய்யா.”

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். ஸ்டிக்கர் தாள் வந்தது. பதினாறு பேரும் மேஜையைச் சூழ்ந்துகொண்டார்கள். தேதி இல்லை: ஓர் அம்பு. அறிக்கை எண் இல்லை: இன்னொன்று. பெயர் இல்லாமல் ‘பிரபல மருத்துவர்’ என்று மட்டும் இருந்த இடத்தில் மூன்று பேர் போட்டி போட்டு ஒட்டினார்கள்.

“இது ரிஜெக்ட் பீஸ்தானுங்க” என்றார் ஒருவர்.

“அவசரப்படாதீங்க” என்றேன். “குறை இருக்குன்னா சந்தேகப்படலாம். பொய்ன்னு சொல்லணும்னா சோதனைக்கூடத்தையே கேக்கணும்.”

கவிதா பிரதியில் இருந்த தொலைபேசி எண்ணை அழுத்தப் போனார். மேரி கையைப் பிடித்தார். “திருடன்கிட்டயே அவன் வீட்டு விலாசம் கேப்பியா?” இதே சரக்குக்குச் சென்ற மாதம் அதே கூடம் கொடுத்த சான்றிதழ் கோப்பில் இருந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினோம். அரை மணி நேரம் லைனில் காத்திருந்தபின் பொறுப்பாளர் கிடைத்தார். அப்படி ஓர் அறிக்கையே தாங்கள் கொடுக்கவில்லை, உங்கள் சரக்குக்குக் கொடுத்த சான்றிதழ் சரியானது என்றார். கவிதா அதைப் பேக்ஸில் எழுதி வாங்கியும் வைத்துக்கொண்டார்.

பிற்பகல் 2.50. லாரியில் கடைசிப் பெட்டி ஏறியது. மூன்றுக்கு முன்பே கிளம்பிய முதல் லாரி இதுதான் என்று முதலாளியே கேலி செய்தார். எல்லோருக்கும் பஜ்ஜி வரவழைத்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வதந்தி வந்தால் ஒரு டீக்கடையில் ஏறி அடுத்த டீக்கடையில் இறங்கும். வழியில் நிறுத்துவார் இல்லை. குறை பார்ப்பதே தொழிலாகக் கொண்ட இந்த ஊருக்கு நான் கொண்டுபோன பாடம் கொஞ்சம்தான். வாங்கிக்கொண்டது அதிகம்.

நான் பையை எடுத்தபோது கவிதா, மன்னிப்புக் கடிதத்தை அழித்துவிட்டு, அந்த மின்னஞ்சலை அனுப்பிய நான்கு கம்பெனிகளுக்கும் உண்மையை எழுதி அனுப்பியிருந்தார். ஐந்து நிமிடத்தில் ஒரு பதில் வந்தது: ‘இதை உங்களுக்கு யார் சொன்னது? பெயர், போன் நம்பர் இல்லாமல் நம்ப முடியாது.’

கவிதாவுக்கு முகம் சுண்டிவிட்டது. “நாம நெசத்தச் சொன்னா நம்பளயே கேக்கறாங்க பாருங்க சார்.”

அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டோம். அவருக்கும் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொறுப்பாளரின் பெயரையும் நம்பரையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்து அடித்தார். கீழே தன் பெயரையும் போட்டார்.