ஜெனரலின் படத்தில் சந்தனம்

அம்மாவின் படத்துக்குக் காலையில் சந்தனப் பொட்டு வைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னொரு படம் நினைவுக்கு வருகிறது. கழுத்தில் சிலுவைப் பதக்கம் தொங்க, சிரிக்கத் தெரியாதவர்போல விறைத்து நிற்கும் ஒரு ஜெர்மன் ஜெனரல். டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில், எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஆன்ட்டியின் அப்பா அவர். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டை ராணுவம் எரித்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், அம்மா என்னிடம் வந்து சேர்ந்திருந்த காலம் அது.

தகப்பனைப் பற்றி ஆன்ட்டி பேசினால் நாடுகளின் பெயர்களாகவே வரும். போலந்தில் படையை நடத்தினார், பிரான்சில் பதக்கம் வாங்கினார், ரஷ்யாவில் பனிக்குள் பின்வாங்கினார், பிறகு பல வருடம் அங்கேயே கைதி. அதற்குமேல் போகாமல், என் பிள்ளைகளுக்கு பிஸ்கட் எடுக்க எழுந்துவிடுவார். நானும் கிண்டவில்லை. போரிலிருந்து வந்தவர்கள் பிறரிடம் அதிகம் கேட்பதில்லை.

ஒருமுறை அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வீட்டுச் சாவி எங்களிடம் இருந்தது. செடிகளுக்குத் தண்ணீர் விடப் போன அம்மா அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். "செத்த மனுசன், ஒரு பூகூட இல்லாம நிக்குது" என்று, ஆன்ட்டியின் தோட்டத்து ரோஜாக்களையே கட்டி மாலை போட்டு, கண்ணாடியில் நெற்றிக்கு நேரே சந்தனமும் வைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் செய்யக்கூடிய வேலைதான்.

வீடு திரும்பிய ஆன்ட்டி அதைக் கண்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இவர் யாரென்று உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டார். பின்வாங்கிய வழியில் இருந்த கிராமங்களையெல்லாம் கொளுத்தச் சொன்னவராம். அது தெரிந்த நாளிலிருந்து அவருக்காக அழக்கூடத் தனக்குத் துணிவு வரவில்லை என்றார்.

கூட வந்திருந்த அம்மாவுக்கு நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் எழுந்து போய் மாலையைக் கழற்றினார்.

"எரிச்சவனுக்குப் பூ வைக்க என்னால ஏலாது பிள்ளை. ஆனா தகப்பன் செத்தா மகள் அழத்தானே வேணும். நான் இவவோட இருக்கிறன்."

சேலைத் தலைப்பால் சந்தனத்தைத் துடைக்கப் போன அவர் கையை ஆன்ட்டி பிடித்துக்கொண்டார். அன்று இருவரும் செத்தவீட்டில் இருப்பதுபோல ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது.

சில வருடங்களில் ஆன்ட்டியும் போய்விட்டார். வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய அண்ணன் மகள் படத்தைக் கழற்றியபோது, காய்ந்த சந்தனம் அப்படியே இருந்தது. அவ்வளவு காலமும் ஆன்ட்டி அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் தூசி தட்டியிருக்கிறார். என்ன அழுக்கு இது என்றார் அந்தப் பெண். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் ஈர டிஷ்யூவால் துடைத்து, படத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

இப்போது அம்மாவும் இல்லை. அவர் படத்தில் நேற்றைய பொட்டைத் துடைக்க எனக்குக் கை வருவதில்லை. அதன்மேலேயே இன்றையதையும் வைக்கிறேன்.