நாற்பத்து நாலு சென்டிமீட்டர்

பந்த் அன்று காலை எட்டு மணிக்கு அப்பாவின் ஆக்சிஜன் சிலிண்டரில் முள் அறுபதில் நின்றது. மாற்றுச் சிலிண்டர் முந்தின நாளே வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் ஏரியா ஜீவனஹள்ளி முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது. மாலை ஆறு வரை ஆட்டோகூட ஓடாது.

எதிர்வீட்டுப் போனிலிருந்து சிலிண்டர் கடைக்காரரைப் பிடித்தேன். "இப்ப வண்டி அனுப்பினா கல்லு விழும்மா. உள்ள எத்தனை லிட்டர் தண்ணி புடிக்குமோ, அதை முள்ளு காட்டுற நம்பரால பெருக்கு. நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டர் போவுது இல்ல? வகுத்துப் பாரு" என்றார். கொள்ளளவு சிலிண்டரின் கழுத்தருகே பொறித்திருக்குமாம். எங்களுடையதில் அதன்மேல் பெயின்ட் அப்பியிருந்தது.

அளக்கத் தெரியாதவளா நான்? கார்மென்ட்ஸில் செக்கிங் வேலை. நாளெல்லாம் கழுத்தில் டேப். பத்தாவதில் படித்த பை ஆர் ஸ்கொயர் ஹெச்சும் மறக்கவில்லை. சுற்றளவு நாற்பத்து நாலு சென்டிமீட்டர். வேலையில் செய்கிற மாதிரியே பாதியாக்கினேன்: அகலம் இருபத்திரண்டு, ஆரம் பதினொன்று. உயரம் எழுபத்தைந்து. இருபத்தெட்டரை லிட்டர் வந்தது. அறுபதால் பெருக்கி வகுத்தால் பதினாலு மணி நேரம்! காலண்டர் தாளில் வட்டம் போட்டு அப்பாவிடம் காட்டினேன். என்ன ஒரு பெருமை எனக்கு.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். பால் வண்டி ஓட்டுகிறவர். "பந்த்ல பால் வண்டிய மட்டும் விடுவாங்கமா. இப்பவே ஏத்து, ஆஸ்பத்திரில எறக்கிடறேன். அப்புறம் நான் டிப்போவுக்குப் போயிடுவேன்."

அப்பாவை அசைத்தாலே மூச்சு வாங்கும். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்பா கையை ஆட்டி, "பாப்பாதான் கணக்கு போட்டுடுச்சே, வுடுப்பா" என்றார். நானும் "ஆறு மணிக்கு மேல பார்த்துக்கறோம்ணா" என்று வண்டியை அனுப்பிவிட்டேன்.

பத்தரைக்கு முள் முப்பதுக்குக் கீழே இருந்தது. முள்தான் கெட்டுவிட்டது என்று கண்ணாடியைத் தட்டினேன். மறுபடியும் கணக்குப் போட்டேன். மறுபடியும் அதே பதினாலு. பதினொன்றரைக்கு முள் இன்னும் இறங்கியது. எதிர்வீட்டுப் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன், லைனே கிடைக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் மெயின் ரோட்டுக்கு ஓடினேன். நடுரோட்டில் டயர் எரிந்துகொண்டிருந்தது. ஒரு சைக்கிள்காரர் காலில்கூட விழப் பார்த்தேன். அவரால் என்ன செய்ய முடியும்?

ஒரு மணிக்கு, ஆக்சிஜன் குழாய் செருகிய தண்ணீர் பாட்டிலில் குமிழி வருவது நின்றது. நாலைந்து பேர் அப்பாவைக் காய்கறித் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மெயின் ரோடு திரும்புவதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவர் கை விட்டுவிட்டது.

காரியம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், மேஜையில் ஒரு சட்டையை விரித்து மார்பளவு எடுத்தேன். இருபத்திரண்டு. கை அப்படியே நின்றது. சட்டை தட்டையாகக் கிடக்கும். அதன் அகலம் சுற்றளவில் பாதிதான். சிலிண்டர் வட்டமானது. சுற்றளவை அந்த 'பை'யால் வகுத்திருந்தால் குறுக்களவு பதினாலு, ஆரம் ஏழு. ஆறு மணி நேரம்கூட வந்திருக்காது. கழிப்பறைக்குள் போய் வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுதேன்.

இன்றும் யார் வந்தாலும் அம்மா சொல்கிறாள்: "பந்த்துதான் அவர கொண்டு போச்சு. எம் பொண்ணு அன்னிக்கு எவ்ளோ கணக்கு போட்டுச்சு தெரியுமா?" நான் காபி போட உள்ளே போய்விடுவேன்.