பனி நேரத்தில் மட்டும் வரும் பெட்ரோல் வாசனை

காலை ஆறு மணிக்கு ஆரியசாலையில் எங்கள் சந்துக்குள் காரைக் கிளப்பினால் இரண்டு மூன்று நிமிடத்தில் பெட்ரோல் வாசனை வரும். பேரூர்க்கடை தாண்டி நெடுமங்காடு போய்ச் சேர்வதற்குள் காணாமல் போய்விடும். மாலையில் திரும்பும்போது இருக்காது. மார்ச்சில் இல்லை, மேயில் இல்லை. டிசம்பரில் விடியற்காலை சற்றே சில்லிடும் நாட்களில் மட்டும் வரும். திருவனந்தபுரத்தில் குளிரா என்று ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. சங்கரன்கோவிலில் பிறந்த உடம்புக்கு இந்த ஊரின் ஈரக்குளிர் தோளில் ஒரு நனைந்த துண்டைப் போட்டதுபோல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் காருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது விதுரா தாண்டி, பொன்முடி போகும் மலைச்சாலையில் பாதி உயரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். பஸ்ஸில் போனால் மூன்று பஸ் மாற வேண்டும். அதனால் என் கணவர் செந்தில், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய ஒரு பெட்ரோல் காரை வாங்கித் தந்தார். அவருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக ஆரியசாலையில் மளிகை மொத்த வியாபாரம். கல்யாணமாகி நான் இங்கே வந்து நான்கு வருடம் ஆகிறது. கார் வந்த அன்றே அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: "இது ஓடுத வரைக்கும் போ. வண்டி தொந்தரவு செஞ்சா ஜோலிய விட்டுடணும், கேட்டியா? நமக்குக் கடையிருக்கு." அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று. பெட்ரோல் வாசனை முதல் தடவை மூக்கில் ஏறியபோது என் மனதில் வந்தது தீப்பிடிக்குமோ என்ற பயமில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது என்ற பயம்தான்.

சொல்லாமல் இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு மோசமான காய்ச்சல் வந்து, ஒன்றரை மாதம் மூக்கில் எந்த வாசனையும் இல்லாமல் போனது. திரும்பி வந்தபோது கோணல்மாணலாக வந்தது. வெங்காயம் வதக்கினால் டயர் எரிகிற மாதிரி இருக்கும். ஒருநாள் மதியம் சமையலறையில் காஸ் கசிகிறது என்று நான் கத்தி, பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து, சிலிண்டரைத் தெருவில் தூக்கிவைத்து, ஆள் வரவழைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அரைத்துவைத்த மாவு புளித்திருந்தது, அவ்வளவுதான். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அன்றோடு அந்தத் தெருவில் என் மூக்குக்கு இருந்த மதிப்பு முடிந்துவிட்டது. கொஞ்ச நாளில் மூக்கு சரியாகிவிட்டது. சரியாகிவிட்டதென்று யாருக்கு எப்படி நிரூபிப்பது?

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் செந்திலை எழுப்பிக் காரில் உட்கார வைத்தேன். அவர் ஏறியதும் வழக்கம்போல ஏசியைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வராதபடி லிவரைத் தள்ளிவிட்டு, கிழக்கேகோட்டை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினார்.

"எனக்கொண்ணும் மணக்கல்லியே."

"ஏங்க, நல்லா மூச்சிழுத்துப் பாருங்க. தொண்டை வரைக்கும் எரியுதுல்லா?"

"அந்தப் பனி வந்ததுக்குப் பொறவு உன் மூக்கு சரியில்ல. நீ சும்மா பேடிச்சுக்கிட்டு இருக்காதே."

எங்கள் வீட்டுத் தமிழில் பேடி என்றால் பயம், பனி என்றால் காய்ச்சல். மலையாளத்திலிருந்து ஏறிவந்த அர்த்தம் அது. என் ஊரில் பனி என்றால் மார்கழிக் காலையில் புல்மேல் கிடப்பது. உண்மையைச் சொன்னால், அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் வாசனை அவ்வளவாகத் தெரியவில்லை. வெட்கத்தோடு இறங்கி உள்ளே போனேன்.

அந்த வார இறுதியில் கரமனைப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிஜுவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நாற்பது வயதுக்காரர், நிதானமான ஆள். உச்சிவெயில் நேரம். "சேட்டா, பனி நேரத்துல மட்டும் பெட்ரோல் வாசனை வருது" என்றேன். அந்தச் சொல்லுக்கு மலையாளத்தில் என்ன பொருள் என்பது எனக்குத் தெரியாததல்ல, பிள்ளைகளின் லீவு லெட்டரில் தினமும் பார்ப்பதுதான். ஆனால் ஒரு குளிர்ந்த காலையை நினைத்துப் பேசும்போது வாயில் வருவது பிறந்த வீட்டுச் சொல். அவர் கையைத் துடைத்துக்கொண்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"பனியோ? எத்ற திவசமாயி? குளிக கழிச்சோ டீச்சரே?"

எத்தனை நாளாயிற்று, மாத்திரை சாப்பிட்டாயா என்கிறார். நான் பதறி, எனக்கில்லை, காலையில், வண்டிக்குப் பனி, என்று மேலும் உளறினேன். "பனி வந்நால் மணம் ஒக்கெ மாறும். எண்டெ பாரியய்க்கும் அங்ஙனெ ஆயிருந்நு" என்று, காய்ச்சல் வந்தால் மணமெல்லாம் மாறுவதையும் தன் மனைவிக்கு அப்படி ஆனதையும் சொல்லி என்னைத் தேற்றினார். ஆனாலும் டாங்க் மூடியைத் திறந்து, அதன் ரப்பர் வாஷரை மாற்றிக் கொடுத்தார். குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் புகைக்குழாய் வழியாக வரும், சாதாரணம்தான் என்றார். பனிக்கு மஞ்ஞு என்று சொல்லியிருக்க வேண்டும், குளிருக்குத் தணுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும் என்று கரமனைப் பாலம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லத் தெம்பில்லை. மறுநாள் காலை வாசனை அப்படியே இருந்தது.

எனக்கு மிச்சமிருந்த ஒரே சாட்சி சோபனா டீச்சர். பேரூர்க்கடையில் ஏறிக்கொள்வார். ஐம்பது வயது, மலையாளம் எடுப்பவர், தினமும் என் பக்கத்து சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருபவர். அவர் ஏறும் நேரத்தில்தான் வாசனை உச்சத்தில் இருக்கும். அதை அமுக்குவதற்காகக் கண்ணாடிக்குக் கீழே மல்லிகை வாசனை அட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தேன். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "டீச்சர், உங்களுக்கு வாசனை வருதா?" அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். "இல்லா. ஒட்டும் இல்லா மோளே." கொஞ்சம்கூட இல்லை மகளே என்கிறார்.

அதற்கு மேல் யாரைக் கேட்பது? சங்கரன்கோவில் டவுன் பஸ்ஸாக இருந்தால் நான் கேட்கவே வேண்டியிருந்திருக்காது. பின்சீட்டு ஆள் எழுந்து "என்னடே, பெட்ரோல் நாத்தம் குடலைப் புடுங்குது" என்று கத்தியிருப்பான், இன்னொருத்தர் சன்னலைத் திறந்திருப்பார், கண்டக்டர் டிரைவரோடு சண்டைக்குப் போயிருப்பார். இங்கே எல்லாரும் மென்மையாகப் பேசினார்கள். அந்த மென்மைக்குள் நான் தனியாக மாட்டிக்கொண்டேன். தினமும் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சோதனைச்சாலைக்குப் போவதுபோலக் காருக்குள் போவேன். மூச்சை இழுப்பேன். வருகிறது. மெய்யாக வருகிறதா, மூளை சொல்கிறதா? தலைவலி வரும், ஏழரைக்குப் பள்ளியில் இறங்கும்போது போய்விடும். கதவைத் திறந்து ஓடிவிடலாம் என்றால், எங்கே ஓடுவது? வீட்டுக்குப் போனால் கடை. வேலையைப் பிடித்துக்கொண்டால் இந்த வண்டி. கேட்டவர்கள் எல்லாம் இல்லையென்று சொன்ன ஒரு வாசனையை எனக்குள் வைத்துக்கொண்டு அந்த மாதம் முழுவதும் வண்டி ஓட்டினேன்.

டிசம்பர் கடைசியில் பள்ளியில் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் முகாம் நடந்தது. நானும் சோபனா டீச்சரும் அங்கேயே தங்கினோம். கார் மலைக்குளிரில் இரவு முழுவதும் நின்றது. முகாம் முடிந்த மறுநாள் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பனிமூட்டத்தில் எதிரே பத்தடிதான் தெரிந்தது. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து மூடிக்கொள்ள, துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்து, மலைக்குளிருக்காக அன்று மூடிவைத்திருந்த வெளிக்காற்று லிவரைத் திறந்துவிட்டேன். கண்ணாடி தெளிந்தது. கூடவே வாசனை வந்தது. அதுவரை ஒருநாளும் அப்படி வந்ததில்லை. கண்ணில் நீர் முட்டியது.

இரண்டாவது வளைவில் பிரேக் போட்டேன். சாலையின் நடுவில் ஒரு காட்டெருமை நின்றது. கறுத்த முதுகு எங்கள் கார் உயரத்துக்கு இருந்தது. கால்கள் மட்டும் வெள்ளைச் சாக்ஸ் போட்டதுபோல. அதன் மூச்சு புகையாக வெளியேறுவது தெரிந்தது.

"அனங்ஙண்டா" என்று சோபனா டீச்சர் என் கையைப் பிடித்தார். "இறங்கருது. க்ளாஸ் தாழ்த்தருது." அசையாதே, இறங்காதே, கண்ணாடியை இறக்காதே என்கிறார்.

பின்னால் வளைவு, பனிமூட்டம். ரிவர்ஸ் எடுக்கத் தைரியமில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிகள் மூடியிருந்தன. அது எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. இரண்டு நிமிடம் இருக்கும். நான் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அதை அவர் பார்க்கக் கூடாதே என்றும் நினைத்தேன். அப்போதுதான் பக்கத்திலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார்.

"மோளே, எனிக்கு வய்யா. ஈ பெட்ரோளிண்டெ மணம் இனி சகிக்கான் பற்றில்ல."

உடனே இன்ஜினை நிறுத்தினேன். "டீச்சர், உங்களுக்கும் மணக்குதா?"

"ஆத்யத்தெ திவசம் முதல் உண்டல்லோ."

"முதல் நாளிலேருந்தா? அப்போ நான் கேட்டப்போ இல்லைன்னு சொன்னீங்களே!"

"நீ சோதிச்சது வாசனையல்லே? ஞான் விசாரிச்சு ஈ முல்லப்பூவிண்டெ கார்யமாணெந்நு." அவர் தொங்கிக்கொண்டிருந்த மல்லிகை அட்டையைக் காட்டினார். மலையாளத்தில் வாசனை என்றால் நறுமணம் மட்டும்தான். அட்டை மணக்கிறதா என்று நான் கேட்டதாக நினைத்து, உள்ளதைச் சொல்லியிருக்கிறார். பெட்ரோலைப் பற்றி வாய் திறக்காததற்குக் காரணம், தினமும் என் வண்டியில் சும்மா வந்துவிட்டு அதையே குறை சொல்வது எப்படி என்ற கூச்சம். தமிழ்நாட்டிலிருந்து வந்த பெண், வருத்தப்படுவாள் என்று தலைவலி மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

எனக்கு அழுகைதான் வந்தது. காட்டெருமைக்கு எதிரில், சத்தம் வராமல் அழுதேன். டீச்சர் பயந்துபோய், "அது போகும் மோளே, இப்போ போகும்" என்று முதுகைத் தடவினார். அவர் சொன்னதுபோலவே அது தலையை ஒருமுறை சிலுப்பிவிட்டு, தேயிலைச் சரிவில் இறங்கிப் போனது. நான் எதற்காக அழுதேன் என்பதை அவரிடம் விளக்கவில்லை. எனக்கு அதைச் சொல்ல மலையாளம் போதாது. தமிழிலும் சொல்லியிருப்பேனா தெரியவில்லை.

அது போய்க் கொஞ்சநேரம் பொறுத்து இறங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக பானட்டைச் சரியாகத் திறந்து நிறுத்தினேன். டீச்சர் போனில் டார்ச் அடித்தார். இன்ஜினுக்குப் பெட்ரோல் போகும் ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், கிளிப்புக்குக் கீழே பளபளவென்று ஈரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி திரண்டு, கனத்து, விழுந்தது. விரலால் தொட்டு மோந்தேன். டீச்சரிடம் நீட்டினேன். அவரும் மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அந்தச் சுளிப்பைப்போல அழகான ஒன்றை நான் அந்த ஊரில் அதுவரை பார்த்ததில்லை. வீடியோ எடுத்துக்கொண்டேன். அந்த வண்டியை மறுபடி ஓட்டுவதில்லை என்று முடிவுசெய்து, ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, பிஜுவைக் கூப்பிட்டேன். "மஞ்ஞத்து, தணுப்பில், பெட்ரோள் லீக்" என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தேன்.

பத்து மணிக்கு அவரே மலையேறி வந்தார். அதற்குள் வெயில் ஏறி, ஈரம் காய்ந்து, ஒன்றுமே நடக்காததுபோலக் குழாய் உலர்ந்து கிடந்தது. வீடியோ இல்லாவிட்டால் அவரும் நம்பியிருக்க மாட்டார். ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினார். ரப்பர் வயதாகி இறுகி, ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள். குளிரில் அது சுருங்கும், கிளிப்பின் பிடி தளரும், வண்டியைக் கிளப்பியதும் அழுத்தத்தில் கசியும். இன்ஜின் சூடேறினால் ரப்பர் விரிந்து தானாக அடைத்துக்கொள்ளும். கசிந்தது ஆவியாகிப் போய்விடும். வெளிக்காற்று லிவர் திறந்திருந்தால்தான் அந்த ஆவி உள்ளே வரும். நான் தினமும் அதைத் திறந்தே ஓட்டுவேன், செந்தில் லிவரை மூடிவிட்டு ஓட்டியதால் அவருக்குத் தெரியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லவில்லை. புது ஹோஸும் புதுக் கிளிப்பும் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பிஜு கை வைத்துத் தடவிப் பார்த்தார். "சைலன்ஸரில் வீணிருந்நெங்கில்..." என்றார். அந்தத் துளி சூடான சைலன்ஸரில் விழுந்திருந்தால் என்று தொடங்கி, முடிக்காமல் பானட்டை மூடினார்.

மாலையில் செந்திலுக்கு வீடியோவைக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். நீ சொன்னது சரிதான் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "ஒனக்கு என்னமாவது ஆயிருந்தா?" என்றார். பிறகு, "இந்த வண்டி இனி வேண்டாம். ஜோலியும் வேண்டாம், கேட்டியா?" என்றார். வண்டி சரியாகிவிட்டது என்று நான் அன்றைக்கு மட்டும் ஆறு தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. நான் இன்னும் போய்வருகிறேன். காலையில் ஏறியதும் மூச்சை இழுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை என்றாலும், சோபனா டீச்சர் பேரூர்க்கடையில் ஏறி, அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டிய பிறகுதான் மனது அடங்குகிறது.

பொங்கலுக்கு அந்தக் காரிலேயே ஊருக்குப் போனோம். செங்கோட்டை தாண்டி, தென்காசி தாண்டி, சங்கரன்கோவிலுக்குள் நுழையும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க். வெயிலில் கண் கூசியது. காக்கிச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், நம்பர் பிளேட்டில் இருந்த கேரள எழுத்தைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த மலையாளத்தைக் கூட்டிச் சிரித்தபடி கேட்டாள்: "சேச்சி, எத்ற அடிக்கணும்?" நான் படித்த பள்ளி அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதன் மணி அடித்தால் இந்தப் பங்கில் கேட்கும். "ஃபுல் ஆக்கிக்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் மலையாளத்தில் சொன்னேன் என்று கவனித்தேன். அவள் குழாயை மாட்டிவிட்டு, வெளியூர்க்காரிக்கு வழிகாட்டும் அக்கறையோடு, கோவிலுக்கு எப்படிப் போக வேண்டும் என்று மெதுவாக, கை அசைத்து அசைத்து எனக்குச் சொல்லத் தொடங்கினாள். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.