குரூப்ல போடுங்க டீச்சர்

காலையில் நடக்கிற எங்கள் அஸ்தம்பட்டி ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நடக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர். குரூப்பில் இருக்கிறவர்கள் அறுபதைத் தாண்டும். மற்றவர்கள் எங்கே நடக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

போன மாதம் ஒருநாள் அந்தக் குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. கூடவே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். மேலே ஒரு வரி — ‘அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்புப் படிக்கும் மாணவியின் வாசிப்பு. நம் வரிப்பணம் எங்கே போகிறது என்று பாருங்கள்.’

போட்டுக் கேட்டேன்.

“அப்பா...” என்று தொடங்கியது ஒரு சின்னப் பெண்ணின் குரல். பெயரைச் சொன்னாள். வகுப்பைச் சொன்னாள். அப்புறம் பாடம். ஒரு சொல்லில் நின்றாள். எழுத்தைக் கூட்டிப் பார்த்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதே சொல்லில் நின்றாள். எந்தச் சொல் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. இதை எழுதச் சம்மதித்தபோது அவளுடைய டீச்சர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

மறுபடி ஒருமுறை போட்டுக் கேட்டேன். ஏனென்றால், அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ஒரு ஹால் நிறைய ஆசிரியர்களோடு உட்கார்ந்து.

பொங்கல் முடிந்த கையோடு நடந்த கூட்டம் அது. புதுச்சத்திரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். சுற்றுவட்டார ஆசிரியர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒன்றாக உட்கார்ந்து, வகுப்பில் தாங்கள் புதிதாகச் செய்து பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். என்னைச் சிறப்பு விருந்தினர் என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் இன்சூரன்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டியவன். பள்ளிக்கூடத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் வாராவாரம் பத்தி எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிற நல்லவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு சால்வையும் போர்த்தினார்கள்.

பொய் சொல்லக் கூடாது — நல்ல கூட்டம். புரொஜெக்டர் முதலில் சண்டித்தனம் செய்தது. ஒருவர் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகியதும் வழிக்கு வந்தது. ஒரு ஆசிரியர் பாடப் படங்களைப் பேச வைத்திருந்தார். போனைக் காட்டினால் படத்தில் இருக்கிற மாடு கத்துகிறது. ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்த ஒரு டீச்சர், பின்னக் கணக்கு நடத்தக் கைமுறுக்கு கொண்டு வந்திருந்தார். பாதி, கால், அரைக்கால் என்று உடைத்துக் காட்டுவதற்குள் முன்வரிசை முழு எண்ணையும் தின்று முடித்துவிட்டது.

கடைசியாக எழுந்தவர்தான் கோகிலா டீச்சர். பெயரை மாற்றியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் பெயரையும்தான். கனிஷ்கா என்று வைத்துக்கொள்வோம்.

கனிஷ்காவின் அப்பா போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்கிறவர். இந்தப் பக்கத்து ரிக்குகள் எங்கேயெல்லாம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். வண்டி வடக்கே ஏறினால் திரும்ப மாதக்கணக்காகும். அம்மா கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறார். பெண்ணோ, வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். படி என்றால் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வாள்.

கோகிலா டீச்சர் ஒரு காரியம் செய்தார். மதியம் சாப்பாடு முடிந்ததும் அவளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், தன் போனை நீட்டி, “உங்கப்பாவுக்குப் படிச்சுக் காட்டு சாமி” என்றார். ஒரு பத்தி, அவ்வளவுதான். அதை வாய்ஸ் மெசேஜாக அப்பாவுக்கு அனுப்பினார். எங்கேயோ ஒரு காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்த அந்த மனிதர் ராத்திரிக்குள் பதில் அனுப்பினார். “நல்லாப் படிச்ச சாமி. அப்புறம் என்னாச்சுன்னு நாளைக்குப் படி.”

மறுநாள் காலையில் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போதே கனிஷ்கா வாசலில் நின்றாளாம். அப்பாவின் பதிலைக் காதில் வைத்துக் கேட்பாள். மதியம் அடுத்த பத்தி. இப்படியே ஜூன் போய், தீபாவளி போய், பொங்கலும் வந்துவிட்டது.

கூட்டத்தில் டீச்சர் இரண்டு ஆடியோக்களைப் போட்டார். முதலாவது ஜூன் மாதத்துக் கனிஷ்கா. திக்கித் திணறி, நின்று, மறுபடி தொடங்கி... நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது, பொங்கலுக்கு முந்தைய வாரத்துக் கனிஷ்கா. தடையில்லாமல் வாசித்தாள். கதையில் வருகிற கிழவருக்குக் கிழவர் குரல். நடுவில் நிறுத்தி, “அப்பா, இனிமேத்தான் நல்லா இருக்கும், கேளுங்க” என்று அவளே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள்.

ஹால் முழுக்கக் கைதட்டல். நானும் தட்டினேன். பக்கத்தில் இருந்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் யாரோ சொன்னார்கள் — “குரூப்ல போடுங்க டீச்சர்.”

இதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எது நடந்தாலும் அது குரூப்பில் ஏறினால்தான் நடந்ததாக அர்த்தம். மரம் நட்டால் போட்டோ. கை கழுவினால் போட்டோ. கூட்டம் நடந்தால் போட்டோ, வீடியோ, ஆடியோ எல்லாம். வராத ஆசிரியர்களுக்கும் பயன்படட்டும் என்கிற நல்லெண்ணமும் அதில் உண்டு. கோகிலா டீச்சர் நின்ற இடத்திலேயே போனை எடுத்து இரண்டையும் ஆசிரியர் குரூப்பில் போட்டுவிட்டார்.

இரண்டு ஆடியோ. ஒன்றன்பின் ஒன்றாக, தனித்தனியாக. கோளாறு அங்கேதான்.

ஹாலில் அவை இரண்டும் ஒரே கதை. நடுவில் டீச்சர் நின்று பேசினார். போனுக்குள் போனதும் டீச்சர் காணாமல் போய்விட்டார். வேப்பமரம் போய்விட்டது. அப்பாவின் பதில் போய்விட்டது. மிஞ்சியது இரண்டு துண்டுகள். ஒன்றில் ஒரு குழந்தை திணறுகிறாள், இன்னொன்றில் நன்றாகப் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிற குழந்தையை யார் ஃபார்வர்டு செய்வார்கள்? அதில் என்ன சுவாரசியம்?

முதலாவது மட்டும் கிளம்பியது. ஒரு ஆசிரியர் தன் தம்பிக்கு அனுப்பியிருக்கலாம். தம்பி நண்பர்களுக்கு. யாரும் கெடுதல் நினைத்திருக்க மாட்டார்கள். வழியில் யாரோ அந்த வரிப்பண வசனத்தை மேலே ஒட்டியிருக்கிறார்கள். அப்படியே உருண்டு எங்கள் நடைக் குரூப் வரைக்கும் வந்துவிட்டது.

கோகிலா டீச்சருக்குப் போன் போட்டேன்.

“தெரியுமுங்க சார்” என்றார், நான் ஆரம்பிப்பதற்குள். “எங்க சின்னம்மா பையனே எனக்கு அனுப்பிச்சுட்டானுங்க. இது உங்க பக்கத்துப் புள்ளையான்னு கேட்டு.”

“ரெண்டாவது ஆடியோ உங்ககிட்ட இருக்குமில்ல? அனுப்புங்க டீச்சர். நான் எங்க குரூப்ல போட்டு, முழுக் கதை இதுதான்னு சொல்றேன்.”

“வேண்டாமுங்க சார்.”

“ஏன் டீச்சர்?”

“அதுவும் அவ கொரலுதானுங்க.”

ஆடியோ இல்லாமல் நானே குரூப்பில் எழுதினேன். இந்தக் குழந்தை இப்போது அருமையாகப் படிக்கிறாள், இது பழைய ஆடியோ, தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்று. ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒருவர் கும்பிட்டார். அடுத்து ரோஜாப்பூப் போட்ட காலை வணக்கம் வந்தது. என் செய்தி மேலே ஏறி மறைந்தது.

எனக்கு வந்த கோபத்தில் குரூப்பை விட்டே வெளியே வந்துவிட்டேன். அதனால் யாருக்கு நஷ்டம் என்கிறீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது புதுச்சத்திரத்தில் இறங்கி டீச்சரைப் பார்த்தேன். ஹைவே ஓரத்து பேக்கரியில் உட்கார்ந்தோம். லாரிகள் போகிற சத்தத்தில் அவர் நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர் சொன்ன அந்த யோசனை இப்போது பல பள்ளிகளில் நடக்கிறதாம். லாரி டிரைவர் பிள்ளைகள், ரிக் ஆட்களின் பிள்ளைகள் எல்லாம் தூரத்தில் இருக்கும் அப்பாக்களுக்குப் படித்துக் காட்டுகிறார்கள். நன்றாகப் போகிறதாம். டீச்சருக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்திருக்கிறது. அடுத்த கூட்டம் இன்னும் பெரியது. அதிலும் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். “போன தடவை போட்டீங்களே, அந்த ஆடியோவோட வந்துருங்க டீச்சர்” என்று.

“போறீங்களா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க சார். எனக்கு மனசு வல்லீங்க.”

கனிஷ்காவைப் பற்றிக் கேட்டேன். அப்புறம்தான் முழுதும் சொன்னார்.

ஒருநாளோடு அப்பாவின் பதில் நின்றுபோனது. டீச்சர் அனுப்புகிறார், அந்தப் பக்கம் கேட்டதற்கான அடையாளம் விழுகிறது, பதில் மட்டும் இல்லை. “அப்பா பேசினாரா டீச்சர்?” என்று தினமும் கேட்கிறாள் பெண். டவர் கிடைக்கவில்லையாம் சாமி என்று இவர் சமாளிக்கிறார். அதற்குள் ஊருக்குள்ளும் அந்த ஆடியோ வந்துவிட்டது. பஸ் நிற்கிற இடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் அவளைப் பார்த்தாலே “அப்பா...” என்று இழுக்கிறார்கள். அதோடு மரத்தடிக்கு வருவதையும் அவள் நிறுத்திவிட்டாள்.

மாரியம்மன் பண்டிகைக்கு அப்பா ஊருக்கு வந்தார். டீச்சரே அவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மன்னிப்புக் கேட்பதற்காகத்தான்.

“திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க சார்” என்றார் டீச்சர். “துண்டுல சேரைத் தொடச்சு உக்காரச் சொன்னாருங்க. ‘நீங்க நல்லதுக்குத்தானுங்க செஞ்சீங்க’ன்னாரு.”

அப்புறம் அவராகவே சொன்னாராம். வண்டி ஓரமாக எல்லோரும் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். கூட வேலை செய்கிற ஒருவன் போனில் எதையோ போட்டான்.

“அப்பான்னதுமே தெரிஞ்சுபோச்சுங்க டீச்சர். எல்லாரும் சிரிச்சானுங்க. அது எம் புள்ளைடான்னு சொல்ல வாயெடுத்தேனுங்க. சொல்லலீங்க. சொன்னா அப்புறம் தெனமும் அவளை வெச்சுத்தானுங்க பேசுவானுங்க. அதனால... நானும் சேந்து சிரிச்சுட்டேனுங்க.”

கையிலிருந்த துண்டை மடித்துக்கொண்டே மேலும் சொன்னாராம்.

“அதுக்கப்பறம் எந்த மொகத்தை வெச்சுட்டு நல்லாப் படிச்ச சாமின்னு சொல்றதுங்க? அது எனக்கு மட்டும் வருதுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க.”

இதைச் சொல்லும்போது கோகிலா டீச்சர் பேக்கரி என்றும் பார்க்காமல் அழுதுவிட்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். யார் மேல் கோபப்படுவது? டீச்சர் மேலா? குரூப்பில் போடச் சொன்னவர் மேலா? சிரித்த ரிக் ஆட்கள் மேலா? அவர்களுக்கும் ஊரில் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளும் நின்று நின்றுதான் படிக்கும். ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஒரு குழந்தை மட்டும் மாட்டிக்கொண்டாள். எனக்கு இது ஆறவே இல்லை.

ஆசிரியர்கள் இனி எதையும் பகிர்ந்துகொள்ளவே கூடாதா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முறுக்குப் பின்னம் நாலு ஊருக்குப் போகட்டும். கத்துகிற மாடு நாற்பது ஊருக்குப் போகட்டும். ஆனால் செய்த விதத்தைச் சொல்வது வேறு, பிள்ளையையே தூக்கிக் கொடுத்துவிடுவது வேறு. ஒரு மனிதருக்காக மட்டும் ஒரு குழந்தை திறந்த வாய் அது. அத்தனை ஆசிரியர்கள் இருந்த ஹாலில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே.

அன்றைக்கு அவர்கள் வீட்டிலிருந்து டீச்சர் கிளம்புகிற நேரத்தில் கனிஷ்கா உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றாளாம். அப்பா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். தன் போனை அணைத்து, அவள் பார்க்கும்படி அலமாரி மேலே தூக்கி வைத்தார்.

“இங்க யாருமில்ல. அப்பாவுக்கு மட்டும் படிச்சுக் காட்டு சாமி” என்றார்.

அவள் போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். வரிக்குக் கீழே விரலை ஓட்டினாள். எங்கேயும் நிற்கவில்லை, எந்தச் சொல்லிலும் தடுக்கவில்லை. பக்கத்தைத் திருப்பினாள். கடைசி வரிவரைக்கும் விரல் போனது. உதடு மட்டும் அசையவே இல்லை.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாளாம் — “படிச்சுட்டேன்பா.”

அதை மட்டும் யாராலும் ஃபார்வர்டு செய்ய முடியாது.