அடக்க ஆராதனையில் நான் வாசிக்காத தாள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து இன்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அன்று ஆலயத்தில் இருந்தீர்கள். பெட்டியை மூடுவதற்கு முன் நான் வாசித்த வாழ்க்கைக் குறிப்பையும் கேட்டீர்கள். "இரண்டாம் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றியவர்" என்று கணீரென்று வாசித்தேன். அது பொய். நூறு வயதை நெருங்கிய அப்பாவை ஒரு பொய்யோடு அடக்கம் செய்துவிட்டேன். சொன்னவள் மூத்த மகளான நான், திருத்த வேண்டியவளும் நான்தான்.

அப்பா சுசீந்திரத்துக்கு அடுத்த எங்கள் ஊரில் ஆலயத்தில் ஊழியம் செய்த உபதேசியார் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார்கள். வீட்டில் பிள்ளைகள் ஆறு பேர். பல நாள் இரவுச் சாப்பாடு மரச்சீனிக் கிழங்கும் பால் விடாத கட்டன் காப்பியும்தான். பள்ளி இறுதித் தேர்வில் தேறிய கையோடு, விமானப் படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து எழுதிப் போட்டார்கள். தேர்வானார்கள். ஊரே கூடி ஜெபக்கூட்டம் வைத்து வழியனுப்ப, கப்பலேறி இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போனார்கள்.

அங்கே குளிரில் விரல் மடங்காதாம். தேநீர்க் கோப்பையைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் காலையில் சட்டைப் பொத்தானே போட முடியுமாம். அறையில் கூட இருந்தவர் ஒரு பஞ்சாபி இளைஞர். இருவரும் தனியாக விமானத்தை ஓட்டும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். ஒரு மாலையில் பனிமூட்டத்தில் இறங்கும்போது அந்த நண்பரின் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் மரங்களில் மோதி எரிந்தது. அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை அப்பாவின் முறை. விமானத்தில் ஏற இறக்கையில் ஒரு காலை வைத்தார்கள். மறு கால் தரையை விட்டு எழும்பவில்லை. பயிற்சியாளர் அதட்டிப் பார்த்தார், தட்டிக்கொடுத்தும் பார்த்தார். "எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா" என்று அப்பா சொல்லிவிட்டார்கள். அடுத்த வாரம் கேட்டபோதும் அதே பதில்தான். அதிகாரிகள் கோழை என்று எழுதி அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். போர் முடியும்வரை அப்பா பெங்களூரில் ஒரு கிடங்கில் டயர்களையும் போல்ட்டுகளையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

இதை அப்பா யாரிடமும் மறைத்ததே இல்லை. மறைத்தது நான். நான் வேலை பார்த்த பள்ளியில் "எங்கப்பா போர் விமானி" என்று நன்றாக அளந்து வைத்திருந்தேன். அதை நம்பிய தலைமையாசிரியை அப்பாவைச் சுதந்திர தினத்துக்குச் சிறப்பு விருந்தினராக அழைத்துவிட்டார். கொடியேற்றி முடிந்ததும் அப்பா மைக்கைப் பிடித்தார்கள்.

"மக்களே, நான் பிளேன் ஓட்டப் படிக்கப் போனது உள்ளதுதான். சண்டைக்கொண்ணும் போகல்ல. கூட்டுக்காரன் செத்ததப் பாத்துப் பயந்து திரும்பி வந்துட்டேன். உங்க டீச்சர், எனக்க மக, கூட்டிச் சொல்லியிருப்பா. இப்போ மிட்டாய் குடுக்கதுக்குத்தான் வந்தேன். வரிசையா வாங்க."

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் பார்த்தது சக ஆசிரியைகளின் முகங்களை மட்டும்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் வெடித்தேன்.

"எனக்க மானத்த வாங்கிட்டியளே அப்பா!"

"நான் பயந்ததுக்கு உனக்கு என்னத்துக்கு மக்கா வெக்கம்?" என்றார்கள். அதன்பின் ஒரு மாதம் நான் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பஸ் பணிமனையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் அப்பா. ஆனால் ஊரில் அப்பாவை அறிந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுதான் நினைவுக்கு வரும். யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஒன்றும் ஆகாது என்று அப்பா சொல்ல மாட்டார்கள். "பயமாத்தான் இருக்கும். நான் வெளிய பெஞ்சிலதான் இருப்பேன்" என்பார்கள். சொன்னபடி இருப்பார்கள். எனக்குக் கர்ப்பப்பை எடுத்த அன்றும், ஒரு மாதம் பேசாமல் இருந்த இந்த மகளுக்காக, விடிந்தது முதல் அந்தப் பெஞ்சில் இருந்தது அப்பாதான்.

இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு, நாலாக மடித்த ஒரு தாளை என்னிடம் தந்தார்கள். "என்னை அடக்கம் பண்ணுக அன்னைக்கு இத வாசி. வேற ஒண்ணும் சேக்காண்டாம்" என்றார்கள். பிரித்தேன். "பயந்து" என்ற சொல் கண்ணில் பட்டதும் மடித்து வேதாகமத்துக்குள் வைத்துவிட்டேன். அடக்கத்தன்று வளைகுடாவிலிருந்து மருமக்கள், பேரப்பிள்ளைகள், என் பழைய சக ஆசிரியைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் நானே எழுதிய வேறொன்றை வாசித்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் அப்பாவின் கடைசித் தங்கையான எங்கள் அத்தை என் கையை இறுகப் பிடித்தார்கள். "ஏட்டி, நீ யாருக்க வாழ்க்கைக் குறிப்ப வாசிச்ச? எங்க அண்ணனுக்கது இல்லியே?"

அன்று மாலையே வேதாகமத்தைத் திறந்து தாளை முழுவதும் வாசித்தேன். பின்பக்கமும் எழுத்து இருந்தது.

கடைசி நாட்களில் தினமும் வந்து உடம்பு துடைத்துவிட்ட நர்ஸ் பெண்ணுக்கும், கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பெட்டியைச் சுமந்த சபை வாலிபர்களுக்கும், அன்று என்னைக் கேட்ட அத்தைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. என் பொய்யை உட்கார்ந்து கேட்ட உங்கள் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அப்பா எழுதியது இதுதான். ஒன்றும் சேர்க்கவில்லை.

"உபதேசியார் மகன். விமானம் ஓட்டப் படிக்கக் கப்பலேறினேன். நண்பன் இறந்ததும் பயந்து திரும்பினேன். அதன்பின் கிடைத்த நாட்களெல்லாம் கர்த்தர் தந்தவை. நல்ல மனைவியும் மூன்று பிள்ளைகளும் தந்தார்."

பின்பக்கம்:

"மூத்தவளுக்கு இதை வாசிக்கக் கஷ்டமாக இருக்கும். வாசிக்காமல் விட்டால் யாரும் அவளை ஏசக் கூடாது. அவளுக்குப் பயமாக இருந்திருக்கும்."